பூட்டினால் எழாத கைபேசி

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஆண்ட்ராய்டு கைபேசி. அழைப்பு போகிறது, கேமரா படம் எடுக்கிறது, இணையம் கிடைக்கிறது. உரிமையாளர் சில மாதங்களுக்கு முன், இயங்குதளத்தை எழுப்பும் நிரலான பூட்லோடரைத் திறந்து, தயாரிப்பாளர் தந்த இயங்குதளத்தை நீக்கிவிட்டு வேறொன்றை நிறுவியிருக்கிறார். இப்போது அதைப் பழையபடி பூட்டிவிட நினைக்கிறார். யுஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்து, ‘ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷிங் லாக்’ என்று ஒரு கட்டளை கொடுக்கிறார். கைபேசி உறுதி கேட்கிறது. ஒலி பட்டனால் ‘ஆம்’ என்பதைத் தேர்ந்து பவர் பட்டனை அழுத்துகிறார். மறுபடி எழும்போது திரையில் ஒரு சிவப்பு எச்சரிக்கை மட்டும் நிற்கிறது: இந்தக் கருவி சிதைந்திருக்கிறது, இதை நம்ப முடியாது, இது இயங்காது.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. வன்பொருளில் எதுவும் எரிந்துபோகவில்லை. இயங்குதளத்தில் ஒரு பைட்கூட மாறவில்லை. ஐந்து நிமிடம் முன்பு ஓடிய அதே மென்பொருள் அதே நினைவகத்தில் அப்படியே இருக்கிறது. பயனரின் தரவு அழிந்ததைத் தவிர, மாறியது ‘திறந்திருக்கிறது’ என்பதை ‘பூட்டியிருக்கிறது’ என்று ஆக்கிய ஒரே ஒரு குறிப்புதான். அந்தச் சிறு மாற்றம் ஒரு கைபேசியை ஏன் செங்கல்லாக்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள, பவர் பட்டனை அழுத்திய முதல் நொடியிலிருந்து தொடங்க வேண்டும்.

சங்கிலியின் முதல் கண்ணி

மின்சாரம் கிடைத்ததும் கைபேசியின் மையச் சில்லு ஓட்டும் முதல் நிரல், அந்தச் சில்லு தயாரிக்கப்படும்போதே அதற்குள் பதிக்கப்பட்டது. பூட் ரோம் என்று அதற்குப் பெயர். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு அதை யாராலும் திருத்த முடியாது, தயாரித்த நிறுவனத்தாலும் முடியாது. 2019 செப்டம்பரில் ‘செக்மேட்’ என்ற பெயரில் ஐபோன் பூட் ரோமின் பிழை ஒன்று வெளியானது. ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரையிலான கருவிகளில் அந்தப் பிழை இருந்தது. எந்த அப்டேட்டாலும் ஆப்பிளால் அதை அடைக்க முடியவில்லை. மாற்ற முடியாமை பூட் ரோமின் பலம். பிழை இருந்தால் அதுவே அதன் பலவீனம்.

பூட் ரோமுக்குத் துணையாகச் சில்லுக்குள் இ-ஃப்யூஸ் எனப்படும் நுண்ணிய உருகிகள் இருக்கின்றன. மின்னோட்டம் செலுத்தி ஒருமுறை எரித்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாதவை. கைபேசித் தயாரிப்பாளரின் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் பொதுச் சாவியை அடையாளம் காட்டும் எண் அவற்றில் எழுதப்படுகிறது. பூட் ரோம் அடுத்த நிரலை நினைவகத்திலிருந்து எடுக்கும்; அதிலுள்ள கையொப்பம் அந்தச் சாவிக்கு உரியதுதானா என்று பார்க்கும்; சரியாக இருந்தால் கட்டுப்பாட்டை ஒப்படைக்கும். அந்த நிரல் தனக்கு அடுத்ததைச் சோதிக்கும். இப்படிக் கைமாறிக் கைமாறி பூட்லோடருக்கு வந்து, அங்கிருந்து லினக்ஸ் கெர்னலுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் போகிறது. ஒவ்வொரு படியும் அடுத்த படியைச் சோதித்த பிறகே ஓட்ட வேண்டும் என்ற இந்த வடிவத்தை வில்லியம் ஆர்பா, டேவிட் ஃபார்பர், ஜொனாதன் ஸ்மித் ஆகியோர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ‘ஏஜிஸ்’ என்ற பெயரில் உருவாக்கி 1997-இல் வெளியிட்டார்கள். அன்று அது மேசைக் கணினிக்கான ஆராய்ச்சி. இன்று நம் சட்டைப்பையில் இருக்கிறது.

‘பூட்லோடரைத் திறப்பது’ என்றால் இந்தச் சங்கிலி முழுவதையும் அவிழ்ப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அவிழ்வது கடைசிப் பகுதி மட்டும். பூட் ரோமும் அதற்கு அடுத்த நிரல்களும் எப்போதும்போல் தயாரிப்பாளரின் கையொப்பத்தைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். பூட்லோடர் ஆண்ட்ராய்டைச் சோதிக்கும் இடத்தில் மட்டுமே கண்டிப்பு தளர்கிறது.

குறி கலைந்தால் தெரியும்

பல ஜிகாபைட் அளவுள்ள ஓர் இயங்குதளத்தில் ஒரு பிட் மாறினாலும் பூட்லோடர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? களத்தில் தூற்றிக் குவித்த நெல்லின்மேல் இரவில் சாணிப்பால் குறி போட்டுவைக்கும் வழக்கம் நம் கிராமங்களில் இருந்தது. ஒரு கை நெல்லை யாராவது அள்ளினாலும் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஹாஷ் என்ற கணக்கு தரவுக்கு இடும் குறி அத்தகையது. எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் எஸ்எச்ஏ-256 என்ற முறை 32 பைட் நீளமுள்ள ஓர் எண்ணைத் தரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும்.

ஆண்ட்ராய்டில் இந்தக் குறிகளின் பட்டியல் ‘விபிமெட்டா’ என்ற சிறு பகுதியில் இருக்கிறது. கெர்னல் அடங்கிய பூட் பகுதியின் ஹாஷ் அங்கே நேரடியாக எழுதப்பட்டிருக்கும். பூட் பகுதி சிறியது என்பதால், எழும்போதே முழுவதையும் படித்துக் கணக்கிட்டுவிடலாம். சிஸ்டம் பகுதி பெரியது. ஒவ்வொரு முறை எழும்போதும் அதை முழுவதும் படித்தால் பயனர் வெகுநேரம் காத்திருக்க வேண்டிவரும்.

அதற்கு விடை, ரால்ஃப் மெர்க்கிள் 1979-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹாஷ் மரம். சிஸ்டம் பகுதியை 4,096 பைட் கொண்ட துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் எடுக்கிறார்கள். 32 பைட் ஹாஷ்கள் 128 சேர்ந்தால் மறுபடி ஒரு துண்டு ஆகும். அதற்கும் ஒரு ஹாஷ். 1 ஜிகாபைட் பகுதியில் 2,62,144 துண்டுகள். அவற்றின் ஹாஷ்கள் 2,048 துண்டுகளில் அடங்கும். அவற்றின் ஹாஷ்கள் 16 துண்டுகளில், பின் ஒரே துண்டில். அந்த ஒற்றைத் துண்டின் ஹாஷ்தான் மரத்தின் வேர். விபிமெட்டாவில் வேர் மட்டும் இருந்தால் போதும். ஏதாவதொரு துண்டைப் படிக்கும்போது, அதிலிருந்து வேர்வரை செல்லும் சில ஹாஷ்களை மட்டும் சரிபார்த்தால் அது அசலா என்று தெரிந்துவிடும்.

படிக்கும்போதே சோதிக்கும் இந்தப் பொறிமுறைக்கு டிஎம்-வெரிட்டி என்று பெயர். 2013-இல் ஆண்ட்ராய்டு 4.4-இல் வந்தது. 2016-இல் ஆண்ட்ராய்டு 7.0, சோதனையில் தோற்றால் எழவே கூடாது என்று கட்டாயமாக்கியது. 2017-இல் ஆண்ட்ராய்டு 8.0-உடன் வந்த ‘வெரிஃபைட் பூட் 2.0’ இன்று நாம் காணும் வடிவத்தைத் தந்தது.

பூட்டிய கைபேசிகள் எல்லாம் ஒரே மாதிரி தோற்பதில்லை. அதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. விபிமெட்டாவின் கையொப்பமோ பூட் பகுதியின் ஹாஷோ பொருந்தாவிட்டால் எடுத்த எடுப்பிலேயே சிவப்புத் திரை வரும். சிஸ்டம் பகுதிக்குள் எங்கோ ஒரு துண்டு மாறியிருந்தால், கைபேசி லோகோவரை வந்து, அந்தத் துண்டைப் படிக்கும் நொடியில் நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எங்கே நிற்கிறது என்பதைக் கவனித்தால், எது பொருந்தவில்லை என்று ஓரளவு ஊகிக்கலாம்.

நான்கு நிறங்கள்

சோதனையின் முடிவை ஆண்ட்ராய்டு நான்கு நிறங்களால் குறிக்கிறது. பூட்டியிருக்கிறது, தயாரிப்பாளரின் சாவியால் எல்லாம் பொருந்துகிறது என்றால் பச்சை. பூட்டியிருக்கிறது, ஆனால் உரிமையாளர் தானே பதித்த சாவியால் பொருந்துகிறது என்றால் மஞ்சள். பூட்டு திறந்திருந்தால் ஆரஞ்சு. பூட்டியிருந்து, எந்தச் சாவியாலும் பொருந்தாவிட்டால் சிவப்பு.

ஆரஞ்சு நிலையில் நடப்பதைக் கவனியுங்கள். கையொப்பம் தவறாக இருக்கலாம், ஹாஷ் பொருந்தாமல் இருக்கலாம். பூட்லோடர் அந்தப் பிழைகளைப் பொருட்படுத்தாமல், எச்சரிக்கையை மட்டும் காட்டிவிட்டு இயங்குதளத்தை எழுப்பிவிடுகிறது. மாதக்கணக்கில் கைபேசி நன்றாக ஓடியது என்பதற்கு, அந்த மாதங்களில் எதுவும் தடுக்கப்படவில்லை என்று மட்டுமே பொருள். பிழைகள் முதல் நாளிலிருந்தே இருந்தன; பூட்டிய நொடியில் அவை கணக்கில் சேர்கின்றன. ஆகவே பூட்டுவதைப் பழைய நிலைக்குத் திரும்புவதாக நினைக்கக் கூடாது. இப்போது உள்ளே என்ன இருக்கிறதோ அதை ஒரு கண்டிப்பான தேர்வுக்கு அனுப்புகிறோம். சாவி, உள்ளடக்கம், பதிப்பு என்ற மூன்றும் ஒருசேரத் தேற வேண்டும்.

மூன்று தேர்வுகள்

சாவியில் தோற்பதுதான் அதிகம். தன்னார்வலர்கள் உருவாக்கும் கஸ்டம் ரோம்கள் என்ற மாற்று இயங்குதளங்கள் அவர்களுடைய சாவியால் கையொப்பமிடப்படுகின்றன. கைபேசியின் பூட்லோடருக்கு அந்தச் சாவி தெரியாது. சில ரோம்கள் ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலோடு வரும் சோதனைச் சாவியால் கையொப்பமிடப்பட்டிருக்கும். அந்தச் சாவியின் இரகசியப் பாதி உலகத்துக்கே தெரிந்த ஒன்று; யார் வேண்டுமானாலும் அதைக்கொண்டு கையொப்பமிடலாம். அதை ஏற்றுக்கொள்ளும் பூட்லோடர் பூட்டியிருந்தும் திறந்ததற்குச் சமம். எனவே நல்ல பூட்லோடர் அதை மறுக்கத்தான் வேண்டும்.

அடுத்தது உள்ளடக்கம். தயாரிப்பாளரின் அசல் இயங்குதளத்தையே வைத்திருப்பவர்களும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். கைபேசியின் முழுக் கட்டுப்பாட்டைத் தரும் ரூட் அனுமதி பெறுவதற்காகப் பலர் மேஜிஸ்க் என்ற கருவியைப் பயன்படுத்துகிறார்கள். ஜான் வூ 2016-இல் வெளியிட்ட அது பூட் பகுதியைத் திருத்தி வேலை செய்கிறது. திருத்திய பூட் பகுதியின் ஹாஷ் விபிமெட்டாவில் உள்ளதோடு பொருந்தாது. வேறு சிலர் சோதனையையே நிறுத்தும்படி விபிமெட்டாவில் ஒரு குறிப்பை மாற்றியிருப்பார்கள். அந்தக் குறிப்பும் கையொப்பமிட்ட பகுதிக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தொட்டதுமே கையொப்பம் செல்லாததாகிவிடும்.

மூன்றாவது, பதிப்பு. அசலான கையொப்பம், மாறாத உள்ளடக்கம் இரண்டும் இருந்தும் கைபேசி மறுக்கும் விசித்திரம் இங்கேதான் நடக்கிறது. பழைய பதிப்புகளும் தயாரிப்பாளர் கையொப்பமிட்டவையே. ஆனால் அவற்றில் பின்னர் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் இருக்கின்றன. திருடன் ஒருவன் பழைய பதிப்பை ஏற்றி, அந்த ஓட்டை வழியாக உள்ளே வரலாம். அதைத் தடுக்க ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு வரிசை எண் தரப்படுகிறது. பல கருவிகளில் அது பாதுகாப்பு அப்டேட்டின் தேதியிலிருந்து கணக்கிடப்படுகிறது. இதுவரை கண்ட மிக உயர்ந்த எண்ணை, யாரும் பின்னோக்கித் திருத்த முடியாத தனி நினைவகப் பகுதியில் கைபேசி குறித்து வைத்துக்கொள்கிறது. அதற்குக் குறைந்த எண்ணோடு வரும் இயங்குதளத்தை, பூட்டிய நிலையில் அது எழுப்பாது.

நெதர்லாந்து நிறுவனத்தின் ஃபேர்போன் 4 கருவியில் இது நடைமுறைச் சிக்கலாகவே இருக்கிறது. அசல் இயங்குதளத்தின் பாதுகாப்புத் தேதியைவிடப் பழைய தேதியுள்ள மாற்று இயங்குதளத்தை நிறுவிப் பூட்டினால் கைபேசி எழாது. சில நிறுவனங்கள் இன்னும் கீழே, பூட்லோடர் மட்டத்திலேயே இந்த எண்ணை வைத்தன. 2018-இல் இந்தியாவில் பெருமளவில் விற்ற ரெட்மி நோட் 5 புரோவில், எண் 4-க்கு ஏறிய பிறகு பழைய மென்பொருளை ஏற்றியவர்களின் கைபேசிகள் திரைகூட வெளிச்சமாகாமல் முடங்கின. 2022 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது, கூகுளின் பிக்சல் 6 வரிசையின் பூட்லோடருக்கும் அப்படியொரு எண் உயர்வு வந்தது. அதன்பின் ஆண்ட்ராய்டு 12-இன் பழைய பூட்லோடருக்குத் திரும்ப வழியில்லை.

பிக்சல் விஷயத்தில் இன்னொரு நுணுக்கம் வெளிப்பட்டது. ஆண்ட்ராய்டு 7.0 முதல் பல கைபேசிகளில் இயங்குதளத்துக்கு ஏ, பி என்று இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று ஓடும்போது மற்றொன்றில் அப்டேட் எழுதப்படும். ஓடும் இடம் பலமுறை எழத் தவறினால் பூட்லோடர் மற்றதற்குத் தாவும். ஒரு பக்கம் புதிய பதிப்பு, மறுபக்கம் மறந்துபோன பழைய பதிப்பு என்று இருந்தால், தாவுகிற நாளில் கைபேசி எழாது. எதை ஏற்றினாலும் இரண்டு பக்கமும் ஏற்ற வேண்டும் என்ற எச்சரிக்கை இதனால்தான்.

இந்த மூன்றுக்கும் வெளியே, தயாரிப்பாளர்கள் தாங்களாகவே சேர்த்த சோதனைகளும் உண்டு. சீனச் சந்தைக்கென்று தயாரான ஷாவ்மி கைபேசியில் உலகளாவிய பதிப்பை ஏற்றிப் பூட்டினால், இந்த மென்பொருளை இந்தக் கருவியில் நிறுவ முடியாது என்று சொல்லி நின்றுவிடும். ஷாவ்மியின் மி ஃப்ளாஷ் கருவியில் ‘எல்லாவற்றையும் அழித்துப் பூட்டு’ என்ற தேர்வே முதலில் குறிக்கப்பட்டிருந்ததால், பூட்டும் எண்ணமே இல்லாதவர்களும் பூட்டிவிட்டுத் தவித்தார்கள்.

திறக்கும் வழி உள்ளே இருக்கிறது

சிவப்புத் திரை வந்தால் மறுபடி திறந்துவிடலாமே என்று தோன்றும். சில கருவிகளில் முடியும். பலவற்றில் முடியாது. காரணம், பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ என்ற தேர்வு டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள், அதாவது எழுந்து ஓடும் ஆண்ட்ராய்டுக்குள் இருக்கிறது. ஆண்ட்ராய்டு எழாதபோது அதைத் தொட முடியாது. திருடியவன் கைபேசியைத் திறந்து துடைத்து விற்றுவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. அது திருடனையும் உரிமையாளரையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

தரவு அழிவதும் இத்தகைய பாதுகாப்பு ஏற்பாட்டால்தான். திறக்கும்போதும் பூட்டும்போதும் படங்கள், செய்திகள் எல்லாம் போய்விடும். கோப்புகளை மறையாக்கம் செய்யும் சாவிகள், பூட்லோடரின் நிலையோடும் இயங்குதளத்தைச் சோதித்த சாவியோடும் பிணைக்கப்பட்டுள்ளன. நிலை மாறினால் பழைய சாவிகள் வேலை செய்யாது. பூட்டுவதற்கு முன் தரவை வேறிடத்தில் பிரதியெடுக்காதவருக்கு, கைபேசி பிழைத்தாலும் படங்கள் பிழைக்காது.

முடங்கியதை மீட்கும் வழிகள் கருவிக்குக் கருவி மாறும். சாம்சங்கின் டவுன்லோட் மோட், பூட்டிய நிலையிலும் அசல் கையொப்பமுள்ள மென்பொருளை ஏற்கும். பழுதுநீக்கும் ரிகவரி நிலை மட்டும் எழும் கருவியில் அதன் வழியே அசல் அப்டேட்டை ஏற்றிப் பார்க்கலாம். குவால்காம் சில்லுகளில் இடிஎல் என்ற அவசர நிலை பூட் ரோமிலேயே இருக்கிறது. கணினி அதை 9008 என்ற எண்ணோடு அடையாளம் காணும். ஆனால் அந்த நிலையில் வேலை செய்யத் தயாரிப்பாளர் கையொப்பமிட்ட நிரல் வேண்டும். பல நிறுவனங்கள் அதைச் சேவை மையங்களுக்கு மட்டுமே தருகின்றன.

பூட்டுவதற்கான வரிசை

மூன்று தேர்வுகள் எவை என்று தெரிந்தால், பூட்டும் வரிசையும் தானாகவே தெளிவாகும். அசல் இயங்குதளத்துக்குத் திரும்புபவர், அந்த மாடலுக்கும் அந்த நாட்டுப் பதிப்புக்கும் உரிய முழு மென்பொருளை, முன்பு ஓடியதைவிடப் பழையதாக இல்லாமல், இரண்டு இடங்களிலும் ஏற்ற வேண்டும். ரூட், திருத்திய ரிகவரி, மாற்றிய விபிமெட்டா எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. பூட்டுமுன் ஒருமுறை முழுதாக எழுப்பிப் பார்க்க வேண்டும். ஆனால் ஆரஞ்சு நிலையில் எழுந்ததைத் தேர்ச்சி என்று கொள்ளக் கூடாது. அது தேவையான நிபந்தனை, போதுமானது அன்று.

ஃபாஸ்ட்பூட்டில் ‘கெட் அன்லாக் எபிலிட்டி’ என்ற கேள்விக்கு 1 என்று விடை வந்தால், பூட்டிய பின்னும் திறக்கும் வழி உண்டு. 0 என்று வந்தால் பூட்டாமல் நிற்பதே அறிவு. இந்த ஒரு எண்ணைப் பார்க்காமல் பூட்டியதால் முடங்கிய கைபேசிகள் பல. ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ தேர்வை அணைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி: பூட்டி, எழுந்து, எல்லாம் சரியாக ஓடுகிறது என்று கண்ட பிறகே அதைத் தொட வேண்டும்.

மாற்று இயங்குதளத்தோடு பூட்ட விரும்புபவருக்கு மஞ்சள் நிலை இருக்கிறது. பிக்சல் 2 முதலான கூகுள் கைபேசிகள், உரிமையாளர் தேர்ந்த சாவியைப் பூட்லோடரில் பதிக்க இடம் தருகின்றன. முதலில் சாவியைப் பதித்து, பிறகு பூட்ட வேண்டும். கிராஃபீன்ஓஎஸ் என்ற மாற்று இயங்குதளம் இந்த முறையில்தான் நிறுவப்படுகிறது. ஒவ்வொரு முறை எழும்போதும் அந்தச் சாவியின் அடையாள எண் திரையில் வரும். வெளியீட்டாளர் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டு, இடையில் யாரும் கைவைக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளலாம். தயாரிப்பாளரின் பூட்டு தரும் அதே பாதுகாப்பு, உரிமையாளர் நம்பும் மென்பொருளுக்கும் கிடைக்கிறது.

வங்கிச் செயலிகள் ஓட வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகக் கஸ்டம் ரோமைப் பூட்டப் பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனை, பூட்டு போட்டிருக்கிறதா என்பதோடு நிற்பதில்லை. கூகுள் சான்றளித்த இயங்குதளமா என்றும் கேட்கிறது. மஞ்சள் நிலை அந்தக் கேள்விக்கு விடையாகாது. அந்த நம்பிக்கையில் பூட்டினால், கிடைக்காத பலனுக்காகக் கைபேசியையே பணயம் வைத்தவர் ஆவோம்.

சாவி யாருடையது

பூட்டிய பூட்லோடர் தேவையான ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. 2009-இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் யோவான்னா ருத்கோவ்ஸ்கா, விடுதி அறையில் விட்டுச்சென்ற கணினியில் பணியாளர் போல் வருபவர் சில நிமிடங்களில் பூட்லோடரை மாற்றிக் கடவுச்சொல்லைத் திருட முடியும் என்று செய்து காட்டினார். எல்லைச் சாவடியில் கைபேசியைக் கொடுக்க நேரும் பத்திரிகையாளருக்கும், வன்முறை செய்யும் கணவரோடு ஒரே வீட்டில் வாழும் பெண்ணுக்கும் அது கற்பனை ஆபத்தன்று. திறந்த பூட்லோடரோடு அவர்களை விடுவது தவறு.

சிவப்புத் திரையில் நிற்கும் கைபேசி தனக்கு இட்ட வேலையைச் சரியாகவே செய்கிறது. குறை, அந்த வேலையை யார் வரையறுத்தார்கள் என்பதில் இருக்கிறது. தயாரிப்பாளரின் சாவி ஒன்றை மட்டுமே அறிந்த பூட்லோடர், அந்த நிறுவனம் அப்டேட் தருவதை நிறுத்திய நாளில் உரிமையாளருக்கு இரண்டே வழிகளை விடுகிறது. ஓட்டைகள் அடைபடாத பழைய மென்பொருளைப் பூட்டி வைத்துக்கொள்ளலாம். அல்லது புதிய மென்பொருளைப் பூட்டில்லாமல் ஓட்டலாம். இரண்டிலும் பாதுகாப்பு இல்லை. வன்பொருள் நல்ல நிலையில் இருக்கும் கைபேசிகள் இதனாலேயே குப்பைக்குப் போகின்றன.

இதை மாற்றத் தேவையான தொழில்நுட்பம் பல ஆண்டுகளாகக் கையில் இருக்கிறது. மஞ்சள் நிறத்துக்கு ஆண்ட்ராய்டின் வரையறையிலேயே இடம் உண்டு. பூட்டுமுன் மூன்று தேர்வுகளையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, தோற்றால் பூட்ட மறுக்கும்படி எந்தப் பூட்லோடரையும் எழுதலாம். அதைக் கட்டாயமாக்கினால் இங்கே சொன்ன முடக்கங்களில் பெரும்பாலானவை நடக்கவே நடக்காது. அதற்கு மேல் உரிமையாளரின் சாவியைப் பதிக்க ஓர் இடம் தந்தால் போதும். அடுத்த கைபேசி வாங்கும்போது கேமராவையும் பேட்டரியையும் விசாரிப்பதோடு, ‘என் சாவியால் இதைப் பூட்ட முடியுமா?’ என்றும் கேட்போம். விலை கொடுத்து வாங்கியவர் பூட்டவும் திறக்கவும் முடிந்த பொருளே அவருக்குச் சொந்தமான பொருள்.